அப்பாயி எப்போது அட்டை பிடித்தார்?

எங்கள் அத்தை, அதாவது என் மகளின் அப்பாயி, ஒரு காலத்தில் ரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பிடித்துத் திரிந்தவராம். சின்னவளின் இங்கிலீஷ் கொப்பியில் சிவப்பு மையில் எழுதி வந்திருக்கிறது. நேற்று சாயந்தரத்திலிருந்து, அறை அறையாகக் காம்பராக்கள் ஒட்டி நிற்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வேறு பேச்சே இல்லை. பீலியில் தண்ணி வராததைக்கூட மறந்துவிட்டார்கள்.

முன்பு இருந்து இப்போது இல்லாததைச் சொல்கிற 'யூஸ்ட் டு' போட்டு ஐந்து வசனம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டியூசன் மிஸ். புத்தகத்தில் இருப்பதை எழுதக் கூடாது, வீட்டில் நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று கட்டளை. போன தடவை மொத்த வகுப்பும் 'ஐ யூஸ்ட் டு ப்ளே கிரிக்கெட்' என்று எழுதிக்கொண்டு போனதாம், பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிற என் மகள் உட்பட. மிஸ் கடுப்பானதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் வீட்டில் நடந்ததை எழுதச் சொன்னால் எங்கள் வீட்டில் யார் சும்மா இருப்பார்கள்?

முதலில் இவர், என் வீட்டுக்காரர். சுற்றுலாக்காரர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சென் கிளயர் அருவிப் பக்கம் ஹயர் போகிற ஆள் அல்லவா? "முன்னாடி எப்படி இருந்திச்சு தெரியுமா" என்று கேட்காமல் அந்தத் திருப்பத்தைத் தாண்ட மாட்டார். வெள்ளைக்காரன் படம் எடுத்துக்கொண்டு சந்தோசமாகத்தான் நிற்பான், இவர்தான் அவனை உட்கார வைத்து வருத்தப்பட வைப்பார். 2012இல் மேல் கொத்மலைத் திட்டம் ஓட ஆரம்பித்த பிறகு அருவிக்கு வர வேண்டிய தண்ணி சுரங்கத்துக்குள் போகிறது, மிச்சத்தைத்தான் நாம் பார்க்கிறோம் என்று விளக்கம் வேறு. அந்தத் தண்ணியில் 150 மெகாவாட் எடுக்கிறார்களாம். எங்கள் லயத்தில் பலமாக ஒரு காற்றடித்தால் கரண்ட் போய்விடுகிறது. சரி, அதை விடுங்கள். 'சென் கிளயர் ஃபால்ஸ் யூஸ்ட் டு பி பிக்.' முதல் வசனம் முடிந்தது.

அடுத்த காம்பராவிலிருந்து கொழும்பு மாமா வந்துவிட்டார். இங்கிலீஷ் என்ற சொல் காற்றில் கலந்தாலே போதும், எங்கிருந்தாலும் வந்துவிடுவார். இத்தனை வருசம் வெள்ளவத்தையில் ஒரு ஹோட்டலில் இருந்ததற்கு மிச்சம் அந்த மிடுக்குதான். அவர் சொன்ன வசனம் 'சிலோன் யூஸ்ட் டு க்ரோ காஃபி'. அதோடு விட்டிருக்கலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் துரை லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதை, 1869இல் காப்பி இலையில் நோய் விழுந்த கதை, காப்பித் துரைமார் கடனில் மூழ்கிய கதை என்று அடுக்கிக்கொண்டே போனார். கேட்டால் துரைக்குப் பக்கத்தில் நின்று இவர்தான் குழி வெட்டினார் என்று நினைப்பீர்கள். சின்னவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

மூன்றாவது என் பங்கு. எங்கள் அம்மா வீடு மஸ்கெலியாப் பக்கம். மவுஸ்ஸாகலை அணையைக் கட்டியபோது பழைய டவுன் அப்படியே தண்ணிக்குள் போய்விட்டது. கடுமையான வரட்சி வந்து நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயில் தலை காட்டும். அம்மா அந்தத் தண்ணியைக் கைகாட்டி, "இந்தா, இங்கனதான் துணிக்கடை" என்பார். நமக்குத் தண்ணிதான் தெரியும். 'மஸ்கெலியா டவுன் யூஸ்ட் டு பி அண்டர் தட் வாட்டர்' என்று இவர் எடுத்துக் கொடுக்க, "இப்பவும் அண்டர்லதானப்பா இருக்கு" என்று சின்னவள் மடக்கினாள். கடைசியில் 'வேர் த லேக் இஸ் நௌ' என்று போட்டோம். எனக்கு அதில் பரம திருப்தி.

நான்காவதில்தான் சண்டை வந்தது. அத்தைக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, இந்த மலையிலேயே கொழுந்தெடுத்து, இடுப்பு ஒடிந்த பிறகு. 1948இல் போட்ட சட்டத்தில் அத்தையின் அப்பாவுக்கு நாடு இல்லாமல் போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஆட்களை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்தபோது அத்தையின் அக்கா குடும்பம் இந்தியாப் பக்கம், தங்கச்சியான அத்தை இந்தப் பக்கம். அந்தப் பெரியம்மா தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போய்ச் சேர்ந்த இடம் கோத்தகிரி. அங்கேயும் தேயிலை! கடல் தாண்டியும் கூடை தலையை விட்டு இறங்கவில்லை. இப்போது ரெண்டு பேரும் வாட்ஸப்பில் மணிக்கணக்காக மழையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அங்கே மழையா, இங்கே மழையா. வேறு செய்தியே கிடையாது.

அதைத்தான் சின்னவள் 'மை கிராண்ட்மதர் டிட் நாட் யூஸ் டு ஹேவ் அ கன்ட்ரி' என்று எழுதினாள். கொழும்பு மாமா பாய்ந்தார்.

"யூஸ்ட் எங்க புள்ள? யூஸ்னு மொட்டையா எழுதியிருக்க. கடைசி டி எங்க?"

"டிட் வந்தா அந்த டி போயிரும் மாமா. மிஸ் சொன்னாங்க."

"தோட்டத்துல பொறந்தவன்கிட்டயே டீ காணாமப் போச்சுங்கிறியா?"

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்து, இருமி, தண்ணி கேட்டு, பிளேன்டீ குடித்து, அப்புறம்தான் அடங்கினார். சின்னவள் எழுதியதுதான் சரி. இறந்தகாலத்தை 'டிட்' சுமந்துகொண்டால் பின்னால் வருகிறதுக்கு அந்த வேலை இல்லை. மிஸ்ஸும் அதற்குச் சரி போட்டிருக்கிறார். மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நடுவில் ஒரு வசனத்தை நான்தான் அழிக்க வைத்தேன். 'அவர் பீப்பிள் யூஸ்ட் டு ஆஸ்க் ஃபோர் அ தௌசண்ட் ருப்பீஸ்' என்று எழுதியிருந்தாள். ஆயிரம் ரூபாய் நாள் சம்பளம் கேட்டுக் கேட்டு 2021இல் கைக்கு வந்தபோது, ஆயிரத்துக்கு என்ன வாங்கலாம் என்பதே வேறாகிவிட்டது. அப்புறம் கேட்கிற தொகை மட்டும் மாறியது, கேட்பது மாறவில்லை. இலக்கணப்படி வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் டியூசனில் தோட்டத்தில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையின் வீட்டுப் பிள்ளையும் படிக்கிறது, நமக்கு ஏன் வம்பு?

அதற்குப் பதிலாக வந்ததுதான் அந்த ஐந்தாவது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளே எழுதியது.

'மை கிராண்ட்மதர் இஸ் யூஸ்ட் டு லீச்சஸ்.'

காரணம் இருக்கிறது. ஆடி மழையில் கோயிலுக்குப் போகும்போது குறுக்குப் பாதையில் இவள் காலில் அட்டை ஏறி, இவள் போட்ட சத்தத்தில் தேயிலை ஸ்டோரில் மெசின் நின்றிருக்கும். அத்தை பேச்சை நிறுத்தவே இல்லை. கோத்தகிரி மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே குனிந்து, நகத்தால் ஓரமாக நெம்பி, விரலுக்குள் உருட்டி, அந்தப் பக்கம் சுண்டிவிட்டு நடந்தார். அன்றைக்கு ராத்திரி சின்னவள் ஃபோன் வெளிச்சத்தில் அப்பாயியின் காலைப் பார்த்தாள். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கறுப்புப் பொட்டுகள். சில இடத்தில் சொறிந்து சொறிந்து தோல் தடித்து, தொட்டால் பட்டாணி மாதிரி கைக்குத் தட்டுப்படும். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் லேசில் உறையாது, அதன் எச்சில் உறைய விடாது. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற படங்கைக் கழற்றும்போதுதான் உள்ளே காய்ந்த ரத்தத்தைப் பார்ப்போம் என்றார் அத்தை. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகும் முன்னால் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போவார்களாம். மத்தியானத்துக்குள் மழையில் கரைந்துவிடும். அப்புறம் அட்டைக்கும் ஒரு நாள் கூலிக்குப் பேர் போட்ட மாதிரிதான், கொழுந்து நிறுக்கும் வரை அதுவும் கூடவே வேலை.

இவ்வளவையும் பிள்ளை ஒரே வசனத்தில் அடக்கிக்கொண்டு போனாள். மிஸ் 'இஸ்' என்பதை ஒரு வெட்டு வெட்டி, 'யூஸ்ட் டு'வுக்குப் பின்னால் வினைச்சொல் இல்லையே என்று ஒரு கேள்விக்குறி போட்டு, இடையில் 'கேட்ச்' என்று சொருகி அனுப்பியிருக்கிறார். 'மை கிராண்ட்மதர் யூஸ்ட் டு கேட்ச் லீச்சஸ்.' ஐந்துக்கு நாலு.

பிள்ளை அழுதாள். நான் என் பழைய இலக்கணப் புத்தகத்தைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்தேன். கரையான் தின்ற மிச்சத்தில் அந்தப் பக்கம் தப்பியிருந்தது, தெய்வாதீனம். தெளிவாகப் போட்டிருக்கிறது. முன்பு செய்து இப்போது விட்டுவிட்டதற்கு 'யூஸ்ட் டு' போட்டு வினைச்சொல். பழகிப்போனதற்கு முன்னால் 'ஆம், இஸ், ஆர்' வர வேண்டும், பின்னால் பெயர்ச்சொல் வரலாம், 'இங்' சேர்ந்ததும் வரலாம். ஆக, அத்தைக்கு அட்டை பழக்கம் என்ற வசனம் நூற்றுக்கு நூறு சரி. அதை அத்தை அட்டை பிடித்தார் என்று மாற்றினால் வசனமும் சரிதான், அத்தைதான் பிழையாகிவிட்டார்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு இதை விளக்க வேண்டியிருந்தது.

"நான் எங்கத்தா அட்டை புடிச்சேன்? அதுதான் என்னையப் புடிச்சிச்சு."

"அதைத்தான் அப்பாயி நானும் எழுதினேன்."

"எனக்கு அந்த அட்டை லேசா வந்திச்சு. அடையாள அட்டைதான் கெடைக்க நாளாச்சு" என்று வெற்றிலையைத் துப்பினார். கொழும்பு மாமா அரை மணி நேரம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க லயத்தில் 'யூஸ்ட் டு' மழைதான். கொழும்பு மாமா 'ஐ யூஸ்ட் டு கோ டு ஹட்டன் டுமாரோ' என்றார். நாளைக்கு அப்படி வராது என்றால், "பழக்கமா போறதுதானே, நாளைக்கும் போவேன்" என்கிறார். மேல் காம்பராப் பொடியன் நாயைப் பார்த்து 'யூஸ்ட் டு, யூஸ்ட் டு' என்று கூப்பிட, அது வாலாட்டுகிறது. அதற்கு இனி அதுதான் பேர் போல.

இவருக்கோ ஒரே பல்லவி. "ஒரு மார்க்குக்கா இந்தக் கூத்து? பேசாம விடு." இவருக்கென்ன, மாசம் பிறந்தால் டியூசன் காசை எண்ணிக் கொடுப்பது நான். கொடுக்கிற காசுக்குச் சரியானதைப் பிழை என்று திருப்பி அனுப்பினால் கேட்கக் கூடாதா? சனிக்கிழமை நேரில் போய்ப் புத்தகத்தை விரித்துக் காட்டிவிடுவது என்று தலையை வாரிக்கொண்டேன். சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. மிஸ் பாவம்."

அந்த மிஸ் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறார். காசு கட்டாத பிள்ளையை இதுவரை வெளியே அனுப்பியதில்லை. அவரும் லயத்துப் பிள்ளைதான், ஒரு நிரந்தர வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். நாங்கள் படித்த காலத்தில் இங்கிலீஷுக்கு ஒருத்தர் வருவார், வந்த சூட்டோடு இடமாற்றம் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். அதைப் பார்த்தவள் நான். இவர் மட்டும் மழையோ மண்சரிவோ வந்துகொண்டே இருக்கிறார். அந்த ஒரு பக்கத்தை யாரும் அவருக்கும் காட்டிக் கொடுத்திருக்க மாட்டார்கள். கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தேன். ஆனாலும் நாலு மார்க் நாலு மார்க்தான், எரிச்சல் போகவில்லை.

அத்தை மட்டும் முடிவை மாற்றவில்லை. சனிக்கிழமை அவரே போகிறாராம். சண்டைக்கு இல்லையாம்.

"அந்தப் புள்ளைக்கு அட்டையப் பத்தி ஒண்ணும் தெரியல போல. யாராச்சும் அதைப் புடிப்பாங்களா? நெம்பி எடுக்கணும். அவ வர்ற ரோட்டுல மழைக்கு நெறைய இருக்கும், பாவம்."

இன்று காலையில் பார்த்தால் ஒரு கடதாசியில் உப்பு, ஒரு துண்டுச் சவர்க்காரம் எல்லாம் மடித்துத் தயாராக வைத்திருக்கிறார். போகும்போது கட்டக் கல்யாணச் சேலையும் எடுத்தாகிவிட்டது. இவர் தன் ஆட்டோவுக்கு என்னிடம் ஹயர் காசு கேட்கிறார். அத்தை பேசுவதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்லக் கொழும்பு மாமாவும் கூட வருகிறாராம். மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியும் என்று அவரிடம் யார் சொல்வது?