தார்ப்பாயைக் கட்டுமுன் கொட்டிலுக்குள் குந்திப் பாருங்கள்

ஐப்பசி பிறந்தால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் ஆட்டுக் கொட்டிலைச் சுற்றித் தார்ப்பாய் ஏறிவிடும். குட்டி நனையக் கூடாது, நாய் நுழையக் கூடாது என்ற அக்கறைதான். ஆனால் நாலு பக்கமும் தரைவரை இறுக்கிக் கட்டினால் மழையைவிட உள்ளே அடைபடும் மூத்திர நெடிதான் குட்டிகளை வாட்டும். அந்த அமோனியா மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். பின்னாலேயே சளி, நிமோனியா.

நின்றபடி பார்த்தால் நெடி அவ்வளவாகத் தெரியாது. விடிகாலையில் தார்ப்பாயைத் தூக்குமுன் உள்ளே போய்க் குந்தி, குட்டியின் மூக்கு உயரத்தில் மூச்சை இழுங்கள். கண் எரிகிறதா? ராத்திரி முழுக்கக் குட்டி சுவாசித்தது அதைத்தான். தீவனத்துக்குச் செலவழிக்குமுன் காற்றுக்கு வழிவிடுங்கள் என்பதே என் கட்சி.

வாடை அடிக்கும் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் மட்டும் தார்ப்பாய் போதும். அங்கேயும் கூரைக்குக் கீழே ஓரடி திறந்திருக்கட்டும். கூரை விளிம்பு மூன்றடி வெளியே நீண்டிருந்தால் அந்தத் திறப்பில் சாரல் அதிகம் வராது.

அடுத்தது நெரிசல். பெரிய பெட்டைக்கு 10 முதல் 12 சதுர அடி, குட்டிக்கு 4 முதல் 5, கிடாவுக்கு 15 முதல் 20 வேண்டும். 10க்கு 20 அடிக் கொட்டிலில் பெரிய பெட்டை 16 முதல் 20தான். 30 அடைத்தால் எந்தத் திறப்பும் ஈடுகொடுக்காது.

மண் தரையில் மூத்திரம் ஊறிய மேல்மண்ணை இரண்டு, மூன்று அங்குலம் சுரண்டி எடுத்துப் புது மண் போடுங்கள். ஈரத்தின் மேலேயே சுண்ணாம்பைக் கொட்டுவது பலருக்கும் பழக்கம். அது நெடியைக் கூட்டத்தான் செய்யும். சுரண்டிய பிறகு, காய்ந்த தரையில் தூவுங்கள்.

தரைக்கு மேலே மரச்சட்டங்களை அடித்துப் போட்ட பரண் என்றால், சட்டங்களுக்கு நடுவே இடைவெளி சுமார் 1.5 செ.மீ. கூடினால் குட்டியின் கால் சிக்கி ஒடியும். குறைந்தால் புழுக்கை விழாமல் அடைத்துக்கொள்ளும். ஆசாரியிடம் அந்தக் கனத்தில் ஒரு மரத்துண்டைச் சீவிக் கொடுத்து, ஒவ்வொரு சட்டத்துக்கும் நடுவில் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். பிறந்த குட்டிகளைப் பரணில் விடாமல் காய்ந்த வைக்கோல் மேல் தாயோடு வையுங்கள்.

துள்ளுமாரி (குடல் நச்சு நோய்), ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர். எனும் வைரஸ் நோய்) தடுப்பூசிகள் மழைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மூக்கொழுகலோடு காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் சேர்ந்து வந்தால் நெடியால் வந்த சளி என்று இருந்துவிடாதீர்கள், ஆட்டுக்கொல்லியாக இருக்கலாம். அந்த ஆட்டை உடனே தனியே கட்டி, அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.