கேம்பர்வேன் வெச்சிருந்தா பயணச் செலவு மிச்சமாகுமா? எக்செல் ஷீட் போட்டு பாத்த அனுபவம்

கேம்பர்வேன் வாங்கினா ஹோட்டல் காசு மிச்சம்னு நிறைய பேரு சொல்லி கேட்டிருப்பீங்க. நாங்களும் அந்த எண்ணத்துலதான் டெலிவரிக்கு ஓடிட்டு இருந்த ஒரு பழைய வேனை வாங்கி, உள்ள கட்டில், கிச்சன், கரண்ட் எல்லாம் நாங்களே செஞ்சோம், மரவேலை எங்க வீட்டுக்காரரு, வயரிங்கும் கணக்கும் நானு. வாங்குன நாள்ல இருந்து டீசல், ஸ்க்ரூ, கேஸ் சிலிண்டர்னு எல்லாத்தையும் எக்செல்ல ஏத்திட்டு வரேன். இப்போ சில சீசன் ஓடிடுச்சு, அந்த ஷீட்ட வெச்சு கொஞ்சம் உறுதியா பேசலாம்னு தோணுச்சு.

காசுல சொன்னா நாட்டுக்கு நாடு மாறும். அதனால நான் எல்லாத்தையும் ‘ரூம் ராத்திரி’ல எழுதுறேன். உங்க குடும்பம் வழக்கமா தங்குற மாதிரி ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரி வாடகை எவ்வளவோ, அதுதான் 1. இன்சூரன்ஸ் இத்தனை ரூம் ராத்திரி, டயர் இத்தனை ரூம் ராத்திரின்னு போட்டு பாத்தீங்கன்னா எது பெருசு எது சின்னதுன்னு உடனே கண்ணுக்கு தெரியும்.

அப்படி பாக்கும்போது முதல்ல முகத்துல அறையறது வண்டி சும்மா நிக்கிற செலவு. இன்சூரன்ஸ், வரி, வருஷ சர்வீஸ், நிறுத்த இடம் இல்லன்னா பார்க்கிங் வாடகை, இதெல்லாம் நீங்க ஒரு ராத்திரி கூட வெளிய தங்கலன்னாலும் போய்ட்டே இருக்கும். இதை எல்லாத்தையும் விட பெருசா ஒண்ணு இருக்கு, பில்லே வராதுங்கறதால யாரும் எழுதறதே இல்ல, அதுதான் வண்டியோட விலை இறங்குறது. 100க்கு வாங்குன வண்டிய 5 வருஷம் கழிச்சு 60க்கு வித்தா வருஷத்துக்கு 8 போச்சு. புதுசா வாங்குனா முதல் சில வருஷத்துலதான் வேகமா இறங்கும், ஏற்கனவே இறங்கி முடிஞ்ச வண்டிய வாங்குனா இறக்கம் மெதுவாயிடும், நாங்க பழசுக்கு போனதுக்கு முழு காரணமே இதுதான். உள்ள செய்யற வேலைக்கு வேற கணக்கு. பலகை, இன்சுலேஷன், பெயின்ட், நம்ம உழைப்பு, இதுக்கெல்லாம் விக்கும்போது போட்ட காசு வராது. ஆனா ஃப்ரிட்ஜ், பேட்டரி, சோலார் பேனல், இதெல்லாம் கழட்டி அடுத்த வண்டிக்கு கொண்டு போகலாம், அதனால எதையும் ஒட்டாம போல்ட் போட்டு மாட்டுனோம்.

இப்போ கணக்கு. வருஷத்துக்கு சும்மா நிக்கிற செலவை ஒரு ராத்திரிக்கு எவ்வளவு மிச்சமாகுதோ அதால வகுத்தா, எத்தனை ராத்திரி வேன்ல படுத்தா போட்ட காசு வரும்னு தெரிஞ்சிடும். ஒரு உதாரணம் சொல்றேன். நிக்கிற செலவு மொத்தம் 24 ரூம் ராத்திரின்னு வெச்சுக்கோங்க. கேம்ப்சைட் (வேனை நிறுத்தி தங்கற இடம்) வாடகை, கேஸ், தண்ணி எல்லாம் சேத்து வேன்ல ஒரு ராத்திரிக்கு 0.4 ஆகுதுன்னா மிச்சம் 0.6, அப்போ 40 ராத்திரி வேணும். அனுமதி இருக்கற இடத்துல பாதி நாள் வாடகை இல்லாம நிறுத்த முடிஞ்சு சராசரி 0.25க்கு வந்துட்டா 32 ராத்திரி போதும். வெளிய சாப்பிடறதுக்கு பதிலா வேன்லயே சமைச்சு இன்னொரு 0.15 மிச்சம் பிடிச்சா 27க்கு வந்துடும். உங்க நம்பரை போட்டு பாருங்க, ஆனா நேர்மையா போடணும், ஏன்னா கிச்சன் இருக்கற வாடகை வீட்டுல தங்குனாலும் இதே சமையலை பண்ணலாம், நீங்க வழக்கமா அப்படித்தான் தங்குவீங்கன்னா சாப்பாட்டு மிச்சத்தை வேன் கணக்குல சேக்கக் கூடாது.

என் ஷீட்ல ரொம்ப உபயோகமான நெடுவரிசை எதுன்னு கேட்டா, ‘வேன் இல்லன்னா போயிருப்போமா?’ன்னு ஒண்ணு போட்டிருக்கேன், அதுதான். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் எதிர்ல ஆமா இல்லன்னு மட்டும் எழுதணும். ஒரு தடவை அவரு பக்கத்துல உக்காந்து பாத்துட்டு, "ஏன்மா, அந்த ஏரிக்கரை ட்ரிப்பை மிச்சத்துல சேக்கவே இல்ல?"ன்னு கேட்டாரு. "வேன் இல்லன்னா அந்த வார லீவுக்கு வீட்டுலதாங்க இருந்திருப்போம், அப்போ அது மிச்சம் இல்ல, புது செலவு"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "சரி, ஆனா நல்ல செலவு"ன்னாரு. அது உண்மைதான், எனக்கும் அந்த ட்ரிப் அவ்வளவு பிடிச்சது, ஆனா காசு மிச்சமாங்கற கேள்விக்கு பதில் தேடும்போது ‘ஆமா’ போட்ட ட்ரிப்பை மட்டும்தான் எண்ணணும். வேன் வந்தப்புறம் எல்லாரும் அதிகமா வெளிய போவாங்க. அந்த கூடுதல் ராத்திரியை எல்லாம் ஹோட்டல் விலையால பெருக்கி இவ்வளவு மிச்சம் பண்ணிட்டோம்னு சொல்றவங்க கணக்கை நான் நம்பறதில்ல.

அடுத்தது டீசல். சின்ன கார் 100 கிலோமீட்டருக்கு 5, 6 லிட்டர்ல போகும்னா இந்த மாதிரி உயரமான வேன் 10 லிட்டரை சாதாரணமா தொடும். 1000 கிலோமீட்டர் போய்ட்டு வந்தா 40, 50 லிட்டர் கூடுதல். ஹைவேல வண்டி தின்னுற டீசல்ல பெரிய பங்கு காத்தை கிழிச்சுட்டு போறதுக்கே சரியா போகுது, அந்த எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதாவது 90ல போறதுக்கு பதிலா 110ல போனா காத்தோட எதிர்ப்பு மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. நாங்க இப்போ 90ஐ தாண்டறதில்ல, டேங்க் ஃபில் பண்ற இடைவெளியில வித்தியாசம் நல்லாவே தெரியுது. எடையும் பாக்கணும், 100 லிட்டர் தண்ணி டேங்க்னா 100 கிலோ, அதை வீட்டுல நிரப்பிட்டு கிளம்பாம போற இடத்துக்கு பக்கத்துல நிரப்பிக்கறோம். சிலர் வேன் இருக்குன்னு தினமும் ஒரு ஊர்னு ஓட்டிட்டே இருப்பாங்க, அப்படி ஓட்டுனா ரூம்ல பிடிச்ச காசை டீசல்ல விட்டுடுவீங்க. ஒரே இடத்துல நாலஞ்சு நாள் நிறுத்திட்டு நடந்தோ சைக்கிள்லயோ சுத்தறவங்களுக்குத்தான் கணக்கு கைகூடும். ஃபெர்ரில போறதா இருந்தா நீளம், உயரம் பாத்து காசு வாங்குவாங்க, டோல்லயும் பல இடத்துல அப்படித்தான், அதையும் கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

கரண்ட் விஷயம் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா ஒரு ராத்திரி செலவை இறக்குனதுல பெரிய பங்கு அதுக்குத்தான். கேம்ப்சைட்ல கரண்ட் பாயின்ட் இருக்கற இடத்துக்கு வாடகை பெரும்பாலும் ஜாஸ்தி, சும்மா நிறுத்தற இடத்துல கரண்டே கிடையாது. அதனால வெளிக் கரண்டே வேணாம்ங்கற மாதிரி செட்டப் பண்ணிட்டோம். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வெயில் நாள்ல சுமார் 500 வாட் ஹவர் (வீட்டு மீட்டர்ல அரை யூனிட்) இழுக்குது, எல்ஈடி லைட், ஃபேன், போன் சார்ஜ் எல்லாம் சேத்து ஒரு 150, ஆக மொத்தம் ஒரு நாளைக்கு 650. கூரையில படுக்க வெச்ச 200 வாட் பேனல், நாலரை மணி நேரம் முழு வெயிலுக்கு சமமான வெளிச்சம் கிடைச்சா, நஷ்டம் எல்லாம் போக சுமார் 675 குடுக்கும். கிட்டத்தட்ட சமன். பேட்டரி 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12.8 வோல்ட், அதாவது 1280 வாட் ஹவர், வெயிலே இல்லாம மேகமா இருந்தாலும் ஒன்றரை நாளுக்கு மேல தாங்கும். லெட் ஆசிட் பேட்டரி விலை கம்மிதான், ஆனா அதை பாதிக்கு கீழ இறக்கிட்டே இருந்தா சீக்கிரம் போயிடும், அதனால இதே அளவு கரண்டுக்கு இரட்டிப்பு பேட்டரி வேணும், எடையும் பல மடங்கு. ஆயுள்ல அது சில நூறு சார்ஜ், இது ரெண்டாயிரத்துக்கும் மேல, வருஷத்துக்குன்னு பிரிச்சு பாத்தா விலை ஜாஸ்தியா தெரியற லித்தியம்தான் மலிவு. ஒரே ஒரு எச்சரிக்கை, 0 டிகிரிக்கு கீழ லித்தியத்தை சார்ஜ் பண்ணக் கூடாது, குளிர் இடத்துக்கு போறவங்க ஹீட்டிங் உள்ள பேட்டரியா பாருங்க, இல்லன்னா படுக்கை பக்கத்துலயே உள்ள வெச்சிடுங்க.

அப்புறம் டயர். லீவுக்கு மட்டும் எடுக்கற வேன் வருஷத்துல பாதி நாள் நிக்கும், ட்ரெட் (டயர் மேல இருக்கற பள்ளக் கோடு) பாத்தா புதுசு மாதிரியே இருக்கும், ஆனா ரப்பருக்கு வயசாயிட்டே இருக்கும். பக்கச் சுவர்ல டாட் (DOT)னு ஆரம்பிக்கிற வரிசையோட கடைசி 4 இலக்கத்தை பாருங்க, 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். 5 வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா வருஷா வருஷம் வெடிப்பு இருக்கான்னு பாக்கணும், 10 வருஷம் ஆயிட்டா ட்ரெட் எவ்வளவு இருந்தாலும் மாத்திடணும். பழைய வேன் பாக்க போறவங்க இந்த நம்பரை படிச்சுட்டு விலை பேசுங்க, 4 டயர் செலவு கைல இருந்து போகுமா விலையில குறையுமாங்கறது அங்கயே முடிவாகும்.

ஈரமும் காசு விஷயம்தான். மூடுன வேன்ல ரெண்டு பேரு தூங்குனாலே மூச்சு, வியர்வை எல்லாம் சேத்து ஒரு ராத்திரிக்கு அரை லிட்டர் அளவுக்கு தண்ணி வெளிய வரும், அது போய் குளிர்ந்த தகரத்துல ஒட்டும், கொஞ்ச கொஞ்சமா துரு, பூஞ்சை, அப்புறம் விக்கும்போது விலை அடி வாங்கும். தகரத்தோட இடைவெளி இல்லாம ஒட்டற, தண்ணி உறிஞ்சாத ஃபோம் (க்ளோஸ்டு செல் ஃபோம்) போட்டோம், கூரையில ஒரு ஃபேன், எதிர்ல ஒரு ஜன்னலை லேசா திறந்து வெச்சு ராத்திரி பூரா மெதுவா ஓட விடறோம். காலைல கண்ணாடிய தடவி பாத்தா விரல் நனையறதே இல்ல. கேஸ் அடுப்பு வெச்சிருக்கறவங்க கார்பன் மோனாக்சைடு அலாரம் கண்டிப்பா மாட்டுங்க, அதுல கணக்கு பாக்காதீங்க.

இவ்வளவு சொல்லிட்டு எங்க கணக்கு நிஜமா எங்க திரும்புச்சுன்னு சொல்லணும் இல்லையா. ஹோட்டல் மிச்சத்தால மட்டும் திரும்பல. நாங்க ரெண்டாவது காரை வித்துட்டோம். 1951ல ஜெர்மனியோட வெஸ்ட்ஃபாலியா கம்பெனி ஃபோக்ஸ்வேகன் வேனுக்கு கேம்பிங் பாக்ஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, வார நாள்ல வேலைக்கு ஓடற வேன்ல லீவுக்கு மட்டும் அலமாரி, படுக்கை எல்லாம் ஏத்திக்கலாம், அப்புறம் இறக்கி வெச்சிடலாம். கேம்பர்வேன்ங்கற யோசனை பரவுன காலத்துலயே ரெண்டு வேலைக்கு ஒரே வண்டின்னு தெளிவா இருந்திருக்காங்க. அதே மாதிரி எங்க பின்பக்க கட்டிலும் கிச்சன் பெட்டியும் போல்ட் கழட்டி இறக்கற மாதிரிதான், பசங்க உக்கார்ற வரிசையில கம்பெனி பொருத்துன சீட் பெல்ட்ட தொடவே இல்ல. ஸ்கூல், வேலை, சாமான் ஏத்தறது எல்லாம் இதே வண்டி. அந்த காரோட இன்சூரன்ஸ், சர்வீஸ், விலை இறக்கம் எல்லாத்தையும் வேனோட நிக்கிற செலவுல இருந்து கழிச்ச உடனே பாதிக்கு மேல காணாம போச்சு. அதுக்கப்புறம்தான் நாங்க வழக்கமா போற லீவு ராத்திரிகளை வெச்சே கணக்கு பச்சைக்கு வந்துச்சு. ரெண்டரை மீட்டர் உயர வேனை தினசரி ஓட்டறது எல்லாருக்கும் ஒத்து வராது, பல மூடுன பார்க்கிங்ல 2 மீட்டருக்கே கம்பி இருக்கும். உங்களுக்கு அந்த பிரச்சனை வரும்னா கூரை தூக்கற மாதிரி தாழ்வான வேனா பாருங்க, 2 மீட்டருக்குள்ள அடங்கற மாடல் இருக்கு.

வேன் லீவுக்கு மட்டும்தான், வருஷத்துக்கு ரெண்டு மூணு வாரம்தான் போவீங்கன்னா வாடகைக்கு எடுங்கன்னு மனசார சொல்வேன். வாடகை வேன் ஒரு ராத்திரிக்கு ரூமை விட ஜாஸ்தியா தெரியும், ஆனா மிச்ச நாள் பூரா இன்சூரன்ஸ், டயர், பார்க்கிங் எதுவும் உங்க தலையில இல்ல. அதுவும் கூட்டம் இல்லாத சீசன்ல ஒரு வாரம் எடுத்து பாருங்க, மழையில ஒரு நாள் பூரா குடும்பத்தோட உள்ள அடைஞ்சு இருந்து பாத்தா உங்களால வருஷத்துக்கு எத்தனை ராத்திரி நிஜமா இதுல படுக்க முடியும்னு தெரியும், மேல சொன்ன கணக்குல போட வேண்டிய நம்பர் அதுதான்.

எங்க பக்கம் அடுத்த வேலை டிசி டு டிசி சார்ஜர் மாட்டறது, ஓட்டும்போதே இஞ்சின்ல இருந்து பேட்டரி ஏறும், குளிர்காலத்துல வெயில் கம்மியா இருக்கறப்பவும் கரண்ட் பாயின்ட் தேடாம இருக்கலாம். வயர் தடிமன் கணக்கு போட்டு வாங்கி வெச்சாச்சு, ஃப்யூஸ் ரெண்டு முனையிலயும் வரணும், அதுக்கு இடம் பாத்துட்டு இருக்கேன். மாட்டுனப்புறம் குளிர்கால ராத்திரி செலவு எவ்வளவு இறங்குச்சுன்னு ஷீட்ல இருந்து எடுத்து எழுதறேன்.