எந்தத் தற்காப்புக் கலையைக் கற்பது?

தற்காப்புக் கலை கற்க விரும்பும் நண்பர்கள், கராத்தேவா, ஜூடோவா, குத்துச்சண்டையா, சிலம்பமா என்று கலையின் பெயரில்தான் தொடங்குகிறார்கள். பயிற்சியில் எதிரே நிற்பவர் உண்மையாகவே நம்மை எதிர்க்கிறாரா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை எனக்குத் தெளிவாக்கியது ஜூடோவின் வரலாறு. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882-ஆம் ஆண்டு டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கியபோது, பழைய ஜப்பானியச் சண்டைக் கலையான ஜுஜுட்சுவின் ஆபத்தான அடிகளையும் முறிப்புகளையும் 'கட்டா' என்னும் வரையறுத்த அசைவுகளுக்குள் ஒதுக்கிவிட்டு, இருவரும் முழு வலிமையோடு எதிர்த்துப் பழகும் 'ரண்டோரி'யைப் பயிற்சியின் மையத்தில் வைத்தார். உயிரைப் பறிக்கும் அடி என்று சொல்லப்படுவதை எவரும் உடன் பயில்பவர்மீது முழு விசையோடு அடித்துப் பழக முடியாது. ஆனால் எதிராளியைத் தூக்கி வீழ்த்தும் ஓர் எறிதலை, விழ மறுக்கும் ஒருவர்மீது நாள்தோறும் முயன்று பார்க்க முடியும். ஆபத்தைக் குறைத்ததாலேயே அந்தக் கலை வலுப்பெற்றது. மல்யுத்தத்துக்கும் குத்துச்சண்டைக்கும் இதே பலம் உண்டு. கராத்தேயிலோ பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு அதிகம்: ஒயாமா மசுதாட்சு உருவாக்கிய கியோகுஷின் மரபில் உடலின்மீது முழு விசையோடு மோதுவார்கள், வேறு சில வகுப்புகளில் மாணவர்கள் பல ஆண்டுகள் கட்டாவை மட்டுமே செய்துகொண்டிருப்பார்கள்.

அடுத்தது உடல். ஜூடோவில் எறிவதற்கு முன் விழக் கற்பிக்கிறார்கள். தாடையை மார்போடு ஒட்டி, கையால் தரையை அறைந்து விழும் அந்தப் பழக்கம், வழுக்கி விழும்போதும் தலையைக் காக்கும் என்பதால், எந்தக் கலையைத் தேர்ந்தாலும் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். முழங்காலில் பழைய காயம் உள்ளவர்கள் எறிதல் பயிற்சியில் இறங்குவதற்கு முன் மருத்துவரிடம் கேட்பது நல்லது. குத்துச்சண்டையில் தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்குமே தவிர, மூளை அதிர்வைத் தடுக்காது. ஆகவே புதிதாகச் சேர்ந்தவர்களைத் தொடக்கத்திலேயே தலையில் குத்து வாங்கவிடும் இடத்தைத் தயங்காமல் தவிர்த்துவிடுங்கள்.

சிலம்பத்தின்மீது எனக்குத் தனிப் பற்று உண்டு. நெற்றி உயரக் கம்பும் தலைக்குமேல் சற்று வெளியும் இருந்தால் தனியாகவே பழகலாம். கம்பு சுற்றுவதற்கு அடிப்படையான காலடியைப் பொறுமையாகச் சொல்லித்தரும் ஆசான் கிடைத்தால், உடல் தன் எடையை மாற்றி நகரும் விதமே மாறிவிடும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. ஆயினும் பல வகுப்புகள் மேடைக்குரிய அலங்கார வீச்சோடு நின்றுவிடுகின்றன. எதிராளியின் கம்பைத் தடுத்து அவர் உடலைத் தொட வேண்டிய தொடுமுறையும் உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை முழுவதுமாக உட்கார்ந்து பாருங்கள். மூத்த மாணவர்கள் புதியவர்களோடு மோதும்போது விசையைக் குறைக்கிறார்களா, வலித்தால் தரையைத் தட்டியவுடன் பிடியை விடுகிறார்களா, மிகவும் பின்தங்கிய மாணவரிடம் ஆசான் எப்படிப் பேசுகிறார் என்பதையெல்லாம் கவனியுங்கள். ஓராண்டில் கறுப்புப் பட்டை தருவதாகச் சொன்னால் அங்கே சேர வேண்டாம். இரண்டு நல்ல இடங்கள் அமைந்தால், வேலை முடிந்த களைப்பிலும் போய்வரக்கூடிய தொலைவில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள்.