லொறிக்குக் கீழே ஒரு பெட்டி

லொறிக்குக் கீழே ரூல்ஸ் பெட்டி, அதாவது வேலைச் சாமான் வைக்கும் பெட்டி, பூட்ட வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அளவைத்தான் சொல்வார்கள். நாலடி நீளம், ஒன்றரை அடி உயரம், ஒன்றரை அடி ஆழம், பூட்டு நல்லதாக இருக்க வேணும். சரி, எதில தொங்க விடுறது என்று கேட்டால், "கீழதானே அண்ணை, இடம் கிடக்குத்தானே" என்பதோடு கதை முடிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் லொறிகளுக்கு பொடி (body) கட்டும் கராஜில் வேலை செய்கிறேன். பெட்டி மடிக்க அரை நாள் போதும். அதைத் தொங்கவிட இடம் பார்க்கத்தான் நேரம் போகிறது, அந்த நேரத்துக்குக் காசு கேட்டால்தான் ஆட்களுக்கு முகம் மாறும்.

முதலில் பாரத்தைப் பாருங்கள். 2 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஒரு சதுர மீற்றர் 15.7 கிலோ. மேலே சொன்ன அளவில் பெட்டி அடித்தால், உள்ளே ஒரு ஸ்பானர்கூடப் போடாமலே கிட்டத்தட்ட 40 கிலோ வந்துவிடும். பைப் றெஞ்ச், செயின் புளொக், ஜக், கிறைண்டர், மிச்சம் கிடக்கும் போல்ற் நட் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு 100 கிலோ சும்மா ஏறும். அதுவும் நிற்கும் லொறியில்தான் அந்தப் பாரம். மழை முடிந்த தை மாதத்து உள்வீதிகளில் ஒரு பள்ளத்துக்குள் ரயர் இறங்கி ஏறும்போது அதே பெட்டி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பாரமாகக் கீழே இழுக்கும்.

அதனால்தான் சேஸியை மதிக்க வேண்டும் என்று பொடியங்களிடம் சொல்கிறேன். லொறி சேஸி என்பது இரண்டு பக்கமும் ஓடும் சனல் இரும்பு. அதற்கு மேல் உதடு, கீழ் உதடு, நடுவில் ஒரு சுவர். பாரம் ஏறி சேஸி வளையும்போது இழுவையும் அமுக்கமும் மிகக் கூடுதலாக விழுவது அந்த உதடுகளில்தான், நடுச்சுவரின் மத்தியில் குறைவு. ஆகவே உதட்டில் துளை போடக்கூடாது. வேண்டுமானால் சுவரில், அதுவும் கம்பனி ஏற்கெனவே போட்டுவிட்ட துளைகள் இருந்தால் அவற்றையே பாவிக்க வேணும். வெல்டிங் வேண்டவே வேண்டாம். சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறிவிடும், வெடிப்பு பெரும்பாலும் ஒட்டின் ஓரத்திலிருந்துதான் தொடங்கும். "முந்தியெல்லாம் ஒட்டித்தானே விட்டவங்கள்" என்று ஒரு ஐயா அடிக்கடி சொல்வார். உண்மைதான், ஒட்டின சேஸிகள் பிறகு வெடித்ததும் உண்மைதான்.

ஆனால் நான் கூடப் பார்த்த கரைச்சல் சேஸியில் இல்லை, பெட்டியை இரண்டு இடத்தில் பிடிப்பதில். சாமான் ஏற்றத் தட்டையான தளம் போட்ட ஒரு இசுசு எல்ஃப் லொறி வந்தது, பெட்டி வேறு கராஜில் பூட்டியது. பின்பக்கம் சேஸியில் போல்ற் போட்டு, மேல்பக்கம் தளத்தின் குறுக்குச் சனலிலும் போல்ற் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பிடித்தால் இரட்டைப் பலம் என்ற கணக்கு. பெட்டியின் மூலைகள் எல்லாம் வெடிப்பு, வெடிப்புக்கு மேல் ஒட்டு, ஒட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வெடிப்பு. முதலாளி தகடு மெல்லிசு என்று நினைத்துக்கொண்டு, 3 மில்லிமீற்றரில் புதிதாக அடித்துத் தரச் சொன்னார்.

தகட்டில் பிழை இல்லை. ஒரு முன்ரயர் பள்ளத்தில் இறங்கினால் சேஸி ஈரத்துணியைப் பிழிவது போல முறுகும், முறுக வேண்டும், அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். தளம் அதற்கு மேலே மரக்கட்டையில் யூ போல்ற் போட்டு உட்கார்ந்திருக்கிறது, அது சேஸியோடு சேர்ந்து அதே அளவுக்கு முறுகாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன ஆட்டத்தைப் பெட்டியின் தலையில் கட்டிவிட்டால் எந்தத் தகடும் தாங்காது. தடிப்புக் கூடினால் வெடிக்கக் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். தளத்துப் போல்றுகளைக் கழற்றி, சேஸியின் சுவரிலிருந்து அங்கிள் இரும்பில் இரண்டு எல் தாங்கி இறக்கி, பெட்டி அதன்மேல் உட்காரும்படி வைத்து, தளத்துக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு இஞ்சி விட்டோம். போல்ற் 12 மில்லிமீற்றர், தலையில் 8.8 என்று பலத்தின் தரம் அடித்தது, நைலோன் நட்டோடு. தலையில் ஒன்றும் அடிக்காத போல்ற்றை நான் இந்த வேலைக்குத் தொடுவதில்லை. பழைய பெட்டியையே ஒட்டித் திருத்தினோம், புதியது அடிக்கவில்லை. முதலாளிக்கு அது கொஞ்சம் ஏமாற்றம் என்றே நினைக்கிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் எல்லோரும் இருந்த லொறியையே திருத்தித் திருத்தி ஓடினார்கள், எங்களுக்கு அதில் வேலை கிடைத்தது, பொய் சொல்லக்கூடாது. பெட்டியைத் திருத்துவது என்றாலும் லொறியில் வைத்து ஒட்டுவதானால் பற்றரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் ஹோல்டரைத் தொட வேணும். கொம்பியூட்டரால் ஓடும் கொமன் றெயில் டீசல் எஞ்சின் என்றால் இன்னும் கவனம். ஏர்த் கிளாம்ப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேணும், தூரத்தில் போட்டால் கரண்ட் பெயரிங்குகளுக்குள்ளால் வழி தேடிப் போகும்.

பிறகு உப்பு. பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு என்று தீவுகளுக்குத் தினமும் ஓடி பைப் வேலை, மோட்டர் வேலை செய்கிறவர்கள் இப்போது அலுமினியப் பெட்டி கேட்கிறார்கள். நல்லதுதான், இரும்பில் மூன்றில் ஒரு பங்கு பாரம். ஆனால் அலுமினியத்தை நேராக இரும்புத் தாங்கியில் வைத்து உப்புத் தண்ணியும் பட்டால் அரிபடுவது அலுமினியம்தான், போல்ற்றைச் சுற்றி வெள்ளையாக மா போலப் பொரிந்து வரும். இடையில் றப்பர் தகடும், போல்ற்றுக்கு நைலோன் வாசரும் போட்டால் தப்பும். சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு உப்பில்லை, செம்மண். கதவு ஓரத்து றப்பர் சரியாக இல்லையென்றால் ஒரு கிழமையில் ரூல்ஸ் எல்லாம் சிவப்பு. எந்தப் பெட்டியானாலும் அடியில் மூலைக்கு ஒரு தண்ணி போகும் துளை வேணும்.

இன்னொன்று, அளவு எடுக்க வரும்போது முதலாளி தனியாக வருவார். பெட்டியைத் திறக்கப் போவது அவரில்லை. நான் இப்போது வேலையாளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன். ஒருமுறை அப்படி வந்த தம்பி ஒருவன்தான், "அண்ணை, ஒழுங்கைக்குள்ள மதிலோட ஒட்டித்தான் நிப்பாட்டுறது, கதவு கீழ விழுந்தா எப்படித் திறக்கிறது" என்று கேட்டான். மேலே திறக்கும் கதவென்றால் தளத்தின் விளிம்பில் இடிக்கும். கடைசியில் கதவை இரண்டாகப் பிரித்து, பக்கத்துக்குத் திறக்க வைத்தோம். ஏ9 வீதியில் நின்று வேலை செய்கிற ஆட்களுக்கு இடது பக்கம்தான் பெட்டி, வாகனம் போகிற பக்கம் குனிந்து நின்று சாமான் தேடக்கூடாது. பின்ரயருக்கும் பெட்டிக்கும் இடைவெளியை வெறும் லொறியில் அளக்கவே கூடாது, பாரம் ஏற்றி ஸ்பிரிங் அமர்ந்த பிறகு அளக்க வேணும். பிறேக் பைப், வயர் கட்டு, சைலன்சர் எங்கே ஓடுகிறது என்று கீழே படுத்துப் பார்க்காமல் துளைக் கருவியை எடுக்கவும் கூடாது.

பூட்டிக் கொடுக்கும்போது, கொஞ்ச நாள் ஓடிவிட்டுக் கொண்டு வாங்கோ, போல்ற்றை ஒருக்கா இறுக்கிப் பார்ப்போம், காசு வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புவேன். வருகிறவர்கள் குறைவு. அந்த எல்ஃப் முதலாளி மட்டும் வந்தார், இறுக்க இல்லை, வலது பக்கமும் ஒரு பெட்டி வேணுமாம். அங்கே டீசல் டாங்கி இருக்கிறது. டாங்கியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளலாம்தானே என்கிறார். ஏலாது என்று சொல்லியிருக்கிறேன், அவர் இன்னும் விட்டபாடில்லை.