புது நாட்டில் களிமண்ணோடு உட்காரும்போது

குடிபெயர்ந்த புதிதில் அந்த நாட்டு மொழியில் சாமான் வாங்கிவிடலாம், வீட்டு வாடகையும் பேசிவிடலாம். மனசில் கிடக்கும் ஏக்கத்தையோ கோபத்தையோ சொல்லத்தான் வார்த்தை கிடைக்காது. கையால் மண் வனைவதை நாங்கள் பரிந்துரைப்பது அதனால்தான். சக்கரம் வேண்டாம், அதைப் பழகவே மாதக்கணக்கில் ஆகும்.

பொதுச் சூளை உள்ள கூடத்தில் சேருங்கள். அங்கே எந்த வெப்பத்தில் சுடுகிறார்கள் என்று கேட்ட பிறகே மண் வாங்குங்கள். 1,050 டிகிரிக்கான செம்மண்ணை 1,220 டிகிரியில் வைத்தால் உருகி, சூளைத் தட்டையும் பாழாக்கிவிடும்.

சுட்டு அரைத்த மண்துகள் கலந்த களிமண்ணில் அரைக் கிலோ போதும். நன்றாகப் பிசைந்து உருட்டி, நடுவில் கட்டைவிரலை இறக்குங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் விட்டு, சுற்றிச் சுற்றிக் கிள்ளிக்கொண்டே சுவரை 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை மெலிதாக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். அழுத்தம் கூடிய இடமும் தயங்கிய இடமும் விரல்தடமாக நிற்கும். தயவுசெய்து அதை வழவழப்பாக்காதீர்கள். முதல் சூட்டுக்குப் பிறகு இரும்பு ஆக்சைடை நீரில் கலக்கிப் பூசி, ஈரப் பஞ்சால் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் பழுப்பு தங்கி, ஒவ்வொரு தடமும் எழுந்து தெரியும்.

மண் துண்டுகளை ஒட்டும்போது இரு பக்கமும் ஒரே ஈரத்தில் இருக்கவேண்டும். கீறி, மண்கூழ் தடவி, அழுத்துங்கள். ஈரம் வேறுபட்டால் காயும்போது ஒன்று அதிகம் சுருங்கி, ஒட்டிய இடம் பிளக்கும். குளிர்நாட்டு வீடுகளில் ஹீட்டர் இன்னொரு எதிரி: விளிம்பு முதலில் காய்ந்து வெடிக்கும். பிளாஸ்டிக் உறையால் தளர்வாக மூடி, ஒரு வாரமாவது மெதுவாகக் காயவிடுங்கள். வளைந்த மண்பலகையை நிமிர்த்தினாலும் சூளையில் அது பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். மண்ணுக்கு ஞாபகம் உண்டு.

தலை, பறவை போன்ற உள்ளீடற்ற உருவங்களுக்குக் கண்ணில் படாத இடத்தில் ஒரு துளை போடுங்கள். காற்றால் வெடிக்கிறது என்பார்கள். உண்மையில் மிச்சமிருக்கும் ஈரம் 100 டிகிரியைத் தாண்டி நீராவியாவதுதான் காரணம். அதனால் கன்னத்தில் வைத்துப் பார்த்து, குளிர்ச்சி தட்டினால் சூளைக்குக் கொடுக்காதீர்கள்.

செய்த எல்லாவற்றையும் சுடவேண்டியதில்லை. கோபத்தில் பிசைந்ததை யாருக்கும் காட்டாமல் முழுக்கக் காயவைத்து, தண்ணீரில் போடுங்கள். அரைகுறை ஈரம் எளிதில் கரையாது. நன்றாகக் காய்ந்தது தானே உதிர்ந்து கூழாகும். அதை ஜிப்சம் பலகையில் பரப்பி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் மறுபடி பிசையலாம்.