ஐந்தில் ஒரு பங்கு சேத்தக்

2024 ஜூன் 4, செவ்வாய்

அப்பா டயாலிசிஸுக்கு உள்ளே போகும்போது 61.8 கிலோ. வெளியே வந்தபோது 59.6.

நான்கு மணி நேரமும் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து வால் சுழலியின் பிடிகளுக்கு அரம் போட்டேன். பொடி தரையில் சிந்தாமல் மடியில் தினசரியை விரித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் போன நர்ஸம்மா நின்று பார்த்துவிட்டு, "கொலுசுக்குக் கொக்கியாங்க?" என்று கேட்டார். ஹெலிகாப்டருக்கு என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

எடை, எடை, எடை. அசல் சேத்தக் ஹெலிகாப்டரின் மேல் சுழலி 11.02 மீட்டர் விட்டம். ஐந்தால் வகுத்தால் எனக்கு 2 மீட்டர் 20 சென்டிமீட்டர். உடல் 10.03 மீட்டர், எனக்கு 2 மீட்டர். வால் சுழலி 38 சென்டிமீட்டர். நீளத்தை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால் எடை நூற்று இருபத்தைந்தில் ஒன்றாகக் குறையணும். முழுச் சுமையோடு 2,200 கிலோவில் எழும்புகிற இயந்திரம், என் வீட்டுத் திண்ணையில் 17.6 கிலோ இருக்கலாம். 2021 டிரோன் விதிகளில் மாடலுக்கு 25 கிலோ வரை இடம் இருக்கிறது. ஆனால் எனக்கு அது எல்லை கிடையாது. 16-ஐத் தாண்டவிட மாட்டேன்.

இன்று தராசில்: பேட்டரி, கண்ணாடிக் கூண்டு இல்லாமல் 11.3.

ஜூன் 12, புதன்

பல்சக்கரம் வெட்டும் பட்டறையில் இன்றைக்கும் "நாளைக்கு வாங்க".

ஜூன் 19, புதன்

வந்துவிட்டது! பெரிய சக்கரம் டெல்ரின் பிளாஸ்டிக், 126 பல். மோட்டார் பக்கம் எஃகு, 12 பல். இரண்டையும் பொருத்தி, நடுவே நோட்டுத்தாள் துண்டு ஒன்றைக் கொடுத்து நெருக்கி, இறுக்கியபின் தாளை உருவினேன். அந்தத் தாளின் கனம்தான் பல்லுக்குப் பல் இருக்க வேண்டிய இடைவெளி.

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் கையால் சுற்றிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொருக்கா சுத்து. மெதுவா." சுற்றினேன். "ஒரு பக்கம் ஏறி எறங்குது கண்ணு." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். ஒரு சுற்றில் முள் 0.06 மில்லிமீட்டர் ஏறி இறங்கியது. நாளைக்கு மறுபடி பட்டறை.

ஜூன் 25, செவ்வாய்

61.2. 59.4.

மேல் சுழலியின் பிளேடைப் பிடிக்கும் ஒவ்வொரு பிடிக்குள்ளும், வெளியே இழுக்கும் விசையைத் தாங்க ஒரு த்ரஸ்ட் பேரிங் இருக்கிறது. எண் 51100. இரண்டு வளையம், நடுவில் குண்டுக் கூடு. வளையங்கள் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி. ஆனால் ஒன்றின் துளை தண்டில் சிக்கென்று உட்காரும். மற்றது இம்மியளவு பெரிது, லேசாக ஆடும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்குத் தெரியும். சிக்கென்று இருப்பது வெளிப்பக்கம், போல்ட் தலையை ஒட்டி. ஆடுவது உள்பக்கம், பிடிக்குள் இருக்கும் படியில். மாற்றிப் போட்டாலும் கையால் திருப்பிப் பார்க்கும்போது எல்லாம் வெண்ணெய் மாதிரி இருக்கும். சுற்ற ஆரம்பித்து, பிளேடு வெளியே இழுக்கும்போதுதான் இறுகும். பிளேடின் கோணத்தைத் திருப்பும் சர்வோ மோட்டார் திணறும், கூடு நசுங்கும், அதற்குப் பிறகு பிளேடு யார் சொல்லையும் கேட்காது.

மூன்று பிடியையும் நேற்று இரவு மாட்டினேன். மூன்றாவதை மாட்டும்போது அப்பா தண்ணீர் கேட்டார். எழுந்து போய், அளவு டம்ளரில் பார்த்து ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். விட்ட இடம் எது?

கிரீஸ் போட்டு, மரைக்கு லோக்டைட் பசை விட்டு இறுக்கியாகிவிட்டது. பிரிக்கணும் என்றால் சூடு காட்டணும்.

ஜூன் 30, ஞாயிறு

மூன்றாவதும் சரியாகத்தான் போட்டிருப்பேன்.

ஜூலை 5, வெள்ளி

62.0. 59.9. இன்று ஊசி குத்த இரண்டு தடவை ஆனது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தார். வலி தெரியாமல் இருக்கட்டும் என்று சேத்தக்கின் ஆர்ட்டூஸ்ட் இன்ஜினைப் பற்றிக் கேட்டேன். அவ்வளவுதான், ஒன்றரை மணி நேரம் நிற்கவில்லை.

நிமிடத்துக்கு 33,500 சுற்று சுற்றுகிற தண்டு, மேல் சுழலிக்கு வந்து சேரும்போது 353. நடுவில் இருக்கிற பல்சக்கரங்களை அப்பா காற்றில் விரலால் வரைந்து காட்டினார், குழாய் இல்லாத கையால். "870 குதிரை இழுக்கற இன்ஜின் கண்ணு. 570 போதும்னு கட்டி வெச்சிருப்பாங்க. ஏன்னு சொல்லு?" எனக்குத் தெரியும், ஆனாலும் அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். மலையில் காற்று மெலிந்துபோனாலும் அந்த 570 குறையாமல் கிடைக்கும். வடக்கே பனியில் அதை நம்பித்தான் ஆட்களை இறக்கிக் கொண்டுவந்தார்களாம். பெங்களூர் எச்.ஏ.எல்.லில் 1965-லிருந்து கட்டின இயந்திரம், அப்பா வேலைக்குச் சேரும் முன்பே வயதானது, அவர் ஓய்வு பெற்ற பின்னும் பறக்கிறது. இருபது வருஷம் கை வைத்த எதையும் அவர் 'அது' என்று சொல்வதில்லை. 'அவ' என்கிறார்.

கடைசியில் ஒன்று சொன்னார், அது எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை: "மேலிருந்து பாத்தா வலஞ்சுழியாச் சுத்தும். அதனால தரையை விடறப்ப வலது காலைத்தான் கடைசியா எடுப்பா. நீ பயந்து திருப்பிராதே."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வால் சுழலி இடதுபக்கம் தள்ளும். அதை ஈடுகட்ட மேல் சுழலி வலப்பக்கம் சாயணும். உடலும் கூடவே சாயும். சரிதான்.

ஜூலை 9, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. 62.3. 60.1.

ஜூலை 14, ஞாயிறு

கண்ணாடிக் கூண்டு. சேத்தக்கின் முகமே அதுதான், அது சரியாக வராவிட்டால் மீதி எல்லாம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்கிற ஆசாரி அண்ணன் தேக்கில் இழைத்துக் கொடுத்த அச்சு, கையால் தடவினால் எங்கேயும் நிற்காது. கோயம்புத்தூரில் இருப்பதன் வரம் இது. நாலு தெரு நடந்தால் மரத்தையும் இரும்பையும் சொன்னபடி கேட்கவைக்கிற ஒருவர் இருப்பார். படத்தை நீட்டினேன். மூன்று கோணத்திலும் பார்த்துவிட்டு, "எத்தனை எச்.பி. பம்ப்புங்க இது?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் பத்து நாள் வேலையை நாலு நாளில் முடித்தார்.

பெயர்ப்பலகைக் கடையின் வேக்குவம் மெஷினில் முதல் பிளாஸ்டிக் தாள் குமிழ் விட்டது. இரண்டாவது மூக்கில் கிழிந்தது. மூன்றாவதை வேறு தாள்களோடு அடுப்பின் மேல் இரவு முழுக்க வெதுவெதுப்பில் வைத்து ஈரம் போக்கியிருந்தார்கள். அது இறங்கியது. எடுத்து வெயிலில் பிடித்தபோது எதிர் வீட்டு வேப்பமரம் முழுசாக அதற்குள் வளைந்து தெரிந்தது.

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்தாயிற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மொட்டைமாடித் தகரத்தைப் பிடித்து உலுக்குகிறது. அம்மியே பறக்கும் என்கிற மாதத்தில் இதை வெளியே எடுக்கவே முடியாது. ஆவணி வரை காத்திருக்கணும். எனக்குக் காத்திருப்பது பிரச்சினை இல்லை.

ஜூலை 23, செவ்வாய்

63.4. இரண்டரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள், இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. இரவு தண்ணீர் கேட்டார். அன்றைய அளவு முடிந்திருந்தது. ஈரத் துணியால் உதட்டை ஒற்றினேன்.

ஜூலை 24, புதன்

அக்கா வந்திருக்கிறாள்.

ஜூலை 28, ஞாயிறு

இனிமேல் தாங்காது என்று காலையில் பிடிகளைப் பிரித்தேன். ஹீட் கன், பத்து நிமிடம், போல்ட் முனகிக்கொண்டே விட்டது. மூன்றாவது சரியாக இருந்தது.

சரி, பிரித்ததுதான் பிரித்தோம், மற்றதையும் பார்த்துவிடலாம் என்று திறந்தேன். இரண்டாவது சரி. முதலாவது மாறியிருந்தது. ஒரு மாதமாக நான் நினைத்துக்கூடப் பார்க்காத முதலாவது. கவனம் முழுசாக இருந்தபோது போட்டது.

சிக்கென்ற வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பாவிடம் சொன்னேன். கோபப்படவில்லை. "ஒருத்தன் மாட்டுனா இன்னொருத்தன் பாத்துக் கையெழுத்துப் போடணும். அதுதான் அங்க சட்டம்" என்றார். ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னார். இனி ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு வரி. நான் மாட்டியது, அவர் பார்த்தது. முதல் பக்கத்தில் மூன்று கையெழுத்து. கை நடுங்கினாலும் எழுத்து அப்படியே பழைய எழுத்துதான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

62.1. 60.0.

பிளேடுகள்: 309, 311, 314 கிராம். முன் விளிம்புக்குள் பித்தளைக் கம்பி புதைத்திருக்கிறேன், எடையின் மையம் அகலத்தில் கால் பங்குக்குப் பின்னால் போகக்கூடாது, போனால் படபடக்கும். 314-க்கு எல்லாரையும் கொண்டுவர நுனிப்பக்கம் நாடா ஒட்டி, கத்தி முனையில் வைத்து மூன்றும் ஒரே இடத்தில் நிற்கும்வரை நகர்த்தினேன். மதியம் போனதே தெரியவில்லை.

அசலின் நடை அப்படியே வர நிமிடத்துக்கு 789 சுற்று போதும். நான் 850 வைக்கிறேன், காற்றுக்கு ஈடு கொடுக்கும். அந்த வேகத்தில் 300 சொச்சம் கிராம் பிளேடு ஒவ்வொன்றும் தன் பிடியை 150 கிலோ விசையில் வெளியே இழுக்கும். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஆறு. அந்த ஆறு சிப்பமும் தொங்குவது அந்த வளையத்தில்தான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

61.5. 59.7. நல்ல நாள். இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

தரையில் நிற்கும்போது வருகிற அதிர்வைப் பற்றியே பேச்சு. மூன்று பிளேடும் முன்பின்னாக ஆடக்கூடியவை. இடைவெளி சமமாக இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கினால் சுழலியின் எடை மையத்தை விட்டு விலகும். அந்த ஆட்டமும் சக்கரங்களின் மேல் உடல் ஆடுகிற ஆட்டமும் தாளம் சேர்ந்தால் சில விநாடியில் இயந்திரம் தன்னைத்தானே பிய்த்துக்கொள்ளும். அசலில் பிளேடுக்குப் பிளேடு கம்பி வடம் கட்டி, ஆட்டத்தை அடக்கும் டேம்பரும் வைத்திருக்கிறார்கள். "டயர்ல காத்துக் கொறஞ்சாலும் அது வரும். மொதல்ல டயரைப் பாரு. எப்பவும் டயரைப் பாரு."

வீட்டுக்கு வந்து பிளேடு போல்ட் மூன்றையும் கொக்கித் தராசு மாட்டி இழுத்து, ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவந்தேன். டயருக்குக் காற்று.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காற்று அடங்கிவிட்டது. சக்கரங்களுக்கு மணல் மூட்டை கட்டி, நான் 15 மீட்டர் தள்ளி செங்கல் சுவருக்குப் பின்னால். 300 சுற்று, 500, 700. ஆடவில்லை. இறங்கும்போது 420-ல் ஒரு குலுங்கல், உடனே போய்விட்டது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மூன்று பிளேடு நுனியிலும் சிவப்பு, நீலம், மஞ்சள் நாடா. நீலம் மற்ற இரண்டுக்கும் ஒரு விரல் மேலே பறந்தது. இணைப்புக் கம்பியை அரைச் சுற்று குறைத்தேன், மூன்று நிறமும் ஒரே கோட்டில் கலந்தன. மொத்த எடை 15.7. நோட்டில் அப்பா கையெழுத்து, 14-ஆம் பக்கம்.

ஆகஸ்ட் 31, சனி

இரவெல்லாம் அப்பாவுக்குக் கால் சுண்டிப் பிடித்து இழுத்தது. நாளைக்கு வேண்டாம் என்றேன். போ என்றார். மறுபடி வேண்டாம் என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

தாராபுரம் பக்கம் மாமாவின் மேட்டாங்காடு. 6.20. புழுதிகூட நகரவில்லை.

850-க்கு வந்ததும் மெல்ல ஏற்றினேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது டயரைத்தான். எடையில் அமுங்கிச் சப்பையாக இருந்த ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக உருண்டது. முன் சக்கரம் லேசாகத் திரும்பிக் காற்றில் நின்றது. அப்புறம் இடது. வலது மட்டும் மண்ணைத் தொட்டபடி நிற்க, ஒரு விநாடி எனக்குக் கை பதறியது. திருப்பவில்லை. வலது சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் வெளிச்சம் வந்தது.

40 விநாடி, இடுப்பு உயரம். மாமா ஏதோ கத்தினார், கேட்கவில்லை. இறக்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 2, திங்கள்

மாமா எடுத்த வீடியோவை அப்பா ஒரு தடவைதான் பார்த்தார். அதற்குப் பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு நான்கு தடவை கேட்டார். "வலது கால் கடைசி, பாத்தியா?" என்றார். அப்புறம், "வால்ல ஒருத்தி அழுவறா."

வால் பெட்டியைப் பிரித்தேன். வெளித்தண்டின் 688 பேரிங், விரலில் வைத்துச் சுற்றினால் உள்ளே மணல் இருப்பது மாதிரி நரநர என்கிறது. 40 விநாடிக்குப் பதில் நான்கு நிமிடம் பறந்திருந்தால் வால் நின்றிருக்கும்.

செப்டம்பர் 4, புதன்

புது 688 இரண்டு. காதில் வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

சக்கர நாற்காலி மேட்டாங்காட்டில் உருளுமா என்று கேட்கிறார். பின்னால் பெரிய டயர்தான், காற்று அடிக்கிற டயர். பார்க்கணும்.

செப்டம்பர் 6, வெள்ளி

62.2. உள்ளே போயிருக்கிறார். வால் பெட்டியின் மூடிக்கு நான்கு திருகாணி, நோட்டு, அரம் எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன்.