சிவப்புச் சீட்டு ஒட்டிய பரிசு

எங்கள் தரப் பரிசோதனைப் பிரிவின் தலைவிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பெட்டி அவர் மேசைக்கு வந்தாலும் முதலில் டிராயிங்கைப் பார்க்க மாட்டார். இடது கைக் கட்டைவிரலை விளிம்பின் அடிப்பக்கமாக ஓட்டிப் பார்ப்பார். பிசிறு தட்டுப்பட்டால் அங்கேயே சிவப்புச் சீட்டு. அளவீட்டுக் கருவிகளுக்கு உலோகப் பெட்டிகளும் முகப்பு பேனல்களும் வடிவமைப்பது என் வேலை. பதினோரு வருடத்தில் அவரிடம் வாங்கிய சீட்டுகளை வைத்து ஒரு சுவரையே மறைக்கலாம். சீட்டைவிட, கூடவே வரும் கேள்விதான் எரிச்சலாக இருக்கும்: "இதைத் தொடப்போறது யாருன்னு யோசிச்சியாப்பா?"

எனக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒரு ஆபரேட்டர். எங்களுக்கு வருகிற குறிப்பில் அவருக்கு முகமும் கிடையாது, வயதும் கிடையாது. 'பயனர்' என்று ஒரு சொல் இருக்கும், அவ்வளவுதான்.

தலைவி மேடம் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் என்ன பரிசு கொடுப்பது என்ற பேச்சு வந்தது. கடிகாரம், கேடயம் என்று வழக்கமான பட்டியல். அப்போது மென்பொருள் பக்கத்து நண்பர்தான் ஞாபகப்படுத்தினார்: ஒருமுறை பட்டன்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, பள்ளி நாட்களில், புதிர்வழிக்குள் துரத்துகிற நான்கு பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்றபடி ஓடும் பேக்-மேன் விளையாட்டின் மேல் தனக்கு இருந்த பைத்தியத்தைப் பற்றி மேடம் சொல்லியிருக்கிறார். சரி, வீட்டு மேசையில் வைக்கிற அளவில் ஒரு சின்ன ஆர்கேட் பெட்டி, அதாவது அந்தக் காலத்தில் காசு போட்டு ஆடிய வீடியோ விளையாட்டுப் பெட்டி, செய்துவிடலாம் என்று நாலு பேர் இறங்கினோம். மூன்று வாரம் போதும் என்று நினைத்தது ஏழு வாரம் ஆனது.

முதல் சண்டை பட்டன் எண்ணிக்கையில். ஒரு ஆளுக்கு ஆறு பட்டன், இரண்டு பேருக்குப் பன்னிரண்டு, எல்லா விளையாட்டும் ஆடலாம் என்றார் எலக்ட்ரிகல் நண்பர். நானும் முதலில் அந்தப் பக்கம்தான். அப்புறம் பழைய பெட்டியின் படங்களை எடுத்துப் பார்த்தோம். 1980-இல் நாம்கோ நிறுவனத்துக்காக டோரு இவாடானி வடிவமைத்த பேக்-மேனுக்கு, நேராக நிற்கும் பெட்டியில், நடுவில் ஒரே ஒரு ஜாய்ஸ்டிக். தொடங்குவதற்கான பட்டன்களைத் தவிர ஆடுவதற்கென்று பட்டனே கிடையாது. சுடுகிற விளையாட்டுகள் நிறைந்திருந்த நேரத்தில் சாப்பிடுவதையே விளையாட்டாக்கியவர் அவர். மேடம் இடது கைக்காரர். ஜாய்ஸ்டிக் நடுவில் இருந்தால் எந்தக் கையாலும் பிடிக்கலாம். எனவே நடுவில் ஒரு ஜாய்ஸ்டிக், அதன் இரு பக்கமும் பக்கத்துக்கொரு பட்டன், இரண்டும் ஒரே வேலையைச் செய்யும். சண்டை முடிந்தது.

விளையாட்டு எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. பழைய ஆர்கேட் பெட்டிகளின் மின்சுற்றுப் பலகைகளைப் போல நடிக்கிற மேம் என்ற மென்பொருள் 1997 முதல் இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் அதற்குள் ஓடுகிற விளையாட்டுகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் ஆவணம் கேட்டவருக்கு, ஆவணம் இல்லாத சரக்கைப் பரிசாகக் கொடுப்பதா? அதே பாணியில் ஒன்றை நானே எழுதுகிறேன் என்றார் மென்பொருள் நண்பர். புதிர்வழிக்கு எங்கள் கட்டடத்தின் தரைத்தளத் திட்டத்தையே எடுத்துக்கொண்டார். துரத்துகிற நான்கு பேருக்கும் அசலில் இருப்பது போலவே தனித்தனிக் குணம். சிவப்பு நேராகப் பின்னால் வரும். இளஞ்சிவப்பு நாம் போகிற திசையில் நாலு கட்டம் முன்னால் குறி வைத்து வழிமறிக்கும். நீலம் சிவப்பின் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆரஞ்சு கிட்டே வந்ததும் மனசு மாறித் திரும்பிப் போய்விடும். இந்தக் கடைசிக் குணத்தைப் பார்த்தால் எனக்கு எங்கள் கொள்முதல் பிரிவு ஞாபகம் வரும், சொன்னால் வம்பு.

எனக்கு வந்த சங்கடம் மரத்தில். மரநாரை அழுத்திச் செய்த 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் பெட்டி முழுவதையும் வரைந்துவிட்டேன், பேனல் உட்பட. பட்டன்கள் வந்த பிறகுதான் அவை தாங்களே மாட்டிக்கொள்கிற வகை என்று கவனித்தேன். அதன் கொக்கிகள் சில மில்லிமீட்டர் தகட்டைத்தான் கவ்வும். 18 மி.மீ. பலகைக்குள் போட்டால் கிணற்றில் போட்ட மாதிரி. ஜாய்ஸ்டிக்கின் தண்டும் பாதிக்கு மேல் பலகைக்குள்ளேயே மறைந்து, பந்து மட்டும் குட்டையாக எட்டிப் பார்த்தது. முகப்பு பேனல் வடிவமைப்பாளர் என்று அட்டை வைத்திருக்கிறவன் செய்த காரியம் இது. கிடங்குக்காரரிடம் முறையாகக் கேட்டு, கழித்துப் போட்ட 3 மி.மீ. அலுமினியத் துண்டு ஒன்றை வாங்கி, பேனலை மட்டும் அதில் செய்தேன். பக்கப் பலகைகள் எம்.டி.எஃப்.-ஆகவே இருந்தன. அதன் விளிம்பில் முன்துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் பலகை இரண்டு பாளமாகப் பிரியும் என்பதையும் ஒரு பலகையைப் பலி கொடுத்துத்தான் கற்றோம்.

திரையிலும் அடி. அசல் விளையாட்டின் படம் 224 புள்ளி அகலம், 288 புள்ளி உயரம். 1280-க்கு 1024 கொண்ட பழைய அலுவலக மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி நிமிர்த்தி வைத்தால், சரியாக நான்கு மடங்கில் 896-க்கு 1152 என்று கச்சிதமாக உட்காரும், ஒரு புள்ளிகூட நசுங்காது. கணக்கில் குறையில்லை. நிமிர்த்திப் பார்த்தபோதுதான் கண்ணுக்கு ஏதோ உறுத்தியது. அந்த மானிட்டர் டி.என். வகை. மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தால் நிறம் மாறும், பக்கவாட்டில் அவ்வளவாக மாறாது. அதை நிமிர்த்தினால் அந்தக் குறை பக்கவாட்டுக்கு வந்துவிடுகிறது. இடது கண்ணுக்கு ஒரு கருப்பு, வலது கண்ணுக்கு வேறொரு கருப்பு. பத்து நிமிடத்தில் தலைவலி. அதே அளவில், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐ.பி.எஸ். வகை மானிட்டர் ஒன்று தேடிக் கிடைக்க ஒன்பது நாள்.

எல்லாம் மாட்டிய பிறகு நான் ஆடிப் பார்த்தேன். மூலைகளில் மேலே திரும்பச் சொன்னால் சில நேரம் திரும்பவில்லை. நிரலில் தப்பு என்று நானும், உன் கையில் தப்பு என்று நண்பரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. தப்பு இரண்டிலும் இல்லை. ஜாய்ஸ்டிக்கின் அடியில் தண்டு எங்கெல்லாம் போகலாம் என்று தடுக்கிற ஒரு தகடு இருக்கிறது. அது எட்டுத் திசை நிலையில் இருந்தது. அவசரத்தில் தண்டு மூலைக்குப் போனால் திசைக்கொன்றாக இருக்கிற மைக்ரோ ஸ்விட்சில் இரண்டு ஒரே நேரத்தில் அழுந்தும். விளையாட்டு அதில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் வேண்டாததை. எங்களிடம் இருந்த வகையில் தகட்டைக் கழற்றி 45 பாகை திருப்பிப் பொருத்தினால் நான்கு திசை மட்டும்தான். நாலு ஸ்க்ரூ, ஐந்து நிமிடம். இரண்டு நாள் கோபத்துக்கு மருந்து அதுதான்.

அந்த வாரங்களில் நான் மேடத்தைத் திருட்டுத்தனமாக அளந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்தால் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது, கண்ணாடி வழியாகப் பார்க்கத் தலையை எவ்வளவு சாய்க்கிறார், நெடுநேரம் எழுதிய பிறகு எந்த விரலை நீவிவிடுகிறார். இதற்காகவே ஜாய்ஸ்டிக்குக்கு இளகிய ஸ்பிரிங் போட்டேன். திரையின் சாய்வை இரண்டு முறை மாற்றினேன். பேனலின் அடி விளிம்பை எத்தனை முறை தேய்த்தேன் என்று கணக்கில்லை. பதினோரு வருடத்தில் ஒரு பெட்டிக்கும் இவ்வளவு பார்த்ததில்லை.

கடைசி நாள், பரிசோதனை மேசையிலேயே வைத்தோம். துணியை எடுத்ததும் சிரித்தார். ஆனால் உட்காரவில்லை. கட்டைவிரல் பேனலின் அடிப்பக்கம் போனது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. நான் மூச்சை விடவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பெட்டியைத் திருப்பி, பின்கதவைத் திறந்து, "பேனல் அலுமினியமா? எர்த் எங்க?" என்றார். எலக்ட்ரிகல் நண்பர் பச்சை-மஞ்சள் ஒயரைப் பெருமையோடு தொட்டுக் காட்டினார்.

அப்புறம்தான் உட்கார்ந்தார். இளஞ்சிவப்பு இரண்டு முறை பிடித்தது, மூன்றாவது முறை அதை ஏமாற்றக் கற்றுக்கொண்டார். வரவேற்பறை வழியாக ஓடிப் பண்டகசாலைப் பக்கம் திரும்புகிறபோது, சத்தம் அதிகம் என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைப் பின்னால் விட்டார். திரை அணைந்தது. ஒலியைக் குறைக்கிற குமிழுக்குப் பக்கத்திலேயே மின் சுவிட்ச், இரண்டும் விரலுக்கு ஒரே அளவு, ஒரே உருண்டை.

அறை அமைதியானது. மேசை இழுப்பறையைத் திறந்தார். அதை இன்னும் காலி செய்திருக்கவில்லை. "யார் தொடப்போறாங்கன்னு யோசிச்சிருக்கப்பா, தெரியுது. பாக்காம தொடுவாங்கன்னு யோசிக்கலையே" என்று சொல்லிக்கொண்டே சிவப்புச் சீட்டை எழுதி, தேதி போட்டு, பின்கதவில் ஒட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சுவிட்சை எதிர்ப் பக்கத்துக்கு மாற்றி, குமிழுக்கு வரிவரியாகப் பிடி உள்ள பெரிய மூடி போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. சீட்டில் 'சரிசெய்யப்பட்டது' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். "நான்தான் ரிட்டயர் ஆயிட்டேனே, எனக்கு அதிகாரம் இல்ல" என்றார், ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுக்காமல்.